பக்கியிலிருந்து லாரிக்கு: டர்பனில் 14 மாதம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கடை வைத்திருக்கிற நம் ஆட்கள் நாலைந்து பேர் இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: பக்கியே நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, எதற்கு லாரி, வாங்கியது கட்டுப்படியாகிறதா? ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்வதை விட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, பக்கி என்றால் இங்கே தென் ஆப்பிரிக்காவில் பிக்-அப் வண்டி.

என் தொழில் அரிசி, பருப்பு, மசாலா, வாரத்தில் இரண்டு நாள் காய்கறி. கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டிலும் குடோன்களிலும் சரக்கு எடுத்து ஓவர்போர்ட், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போடுவேன், லேடிஸ்மித் வரைக்கும் போவேன். ஒன்பது வருஷம் இதையெல்லாம் ஒரு டன் பக்கியிலேயே ஓட்டினேன். 14 மாதத்துக்கு முன்னால்தான் பழைய லாரி ஒன்று வாங்கினேன். 2017 மாடல், ஜப்பான் கம்பெனி, பெட்டி பாடி, மொத்த எடை 7,500 கிலோ, விலை 4,20,000 ராண்ட். கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த அளவில் இங்கே ஓடுகிற ஜப்பான் லாரிகள் எல்லாமே அமைப்பில் அண்ணன் தம்பி மாதிரிதான், நான் சொல்லப்போவது எதை வாங்கினாலும் பொருந்தும்.

லாரி என்றால் பெரிய பக்கி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாமக்கல், சங்ககிரி பக்கத்து ஆட்கள் யாராவது அருகில் இருந்திருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பார்கள். பக்கியும் காரும் உள்ளே உட்காருகிற மனுஷனை நினைத்துச் செய்தவை, லாரி பின்னால் ஏறுகிற மூட்டையை நினைத்துச் செய்தது. ஓட்டுகிறவருக்கு ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு மாதம் ஆனது.

எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிற டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 லிட்டர் டீசல் 110 கிலோவாட் சக்தி தருகிறது. என் லாரிக்கு 4 லிட்டர் எஞ்சின், சக்தி கிட்டத்தட்ட அதே 110 கிலோவாட். கேட்டவுடன் ஏமாற்று மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பக்கியின் எஞ்சின் அந்த முழுச் சக்தியை எப்போதாவது, ஓவர்டேக் பண்ணும்போது பத்து வினாடி கொடுத்தால் போதும். லாரி எஞ்சின் டர்பனிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற என்3 சாலையில் முக்கால் மணி நேரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும், நாளைக்கும் கொடுக்க வேண்டும், அடுத்த பத்து வருஷத்துக்கும் கொடுக்க வேண்டும். அதனால்தான் பெரிய எஞ்சினை வைத்து, அதை அலட்டாமல் மெதுவாகச் சுற்ற விடுகிறார்கள். 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றால் வாங்க யோசிப்போம், லாரிக்கு அது நடு வயது. ஜோஹன்னஸ்பர்க் போகிற, இரண்டு டிரெய்லர் இழுக்கிற பெரிய இன்டர்லிங்க் லாரிகளின் எஞ்சின்கள் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

அப்புறம் சொகுசு. காலியாக ஓட்டினால் இது பெரிய வேதனை. பின்னால் பட்டை ஸ்பிரிங் மூன்றரை டன்னுக்கு என்று கட்டியிருப்பதால் காலி வண்டியில் அது வளையவே வளையாது, ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பில் குத்தும். டிரைவர் சீட்டு முன் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் குழி எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், உடம்பு சொல்லிவிடும். முதல் வாரம் காலி வண்டியை ஐசிபிங்கோவுக்கு ஓட்டிப் போய்விட்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று வீட்டில் புலம்பினேன். மறுநாள் 25 கிலோ அரிசி மூட்டை 140 ஏற்றினோம். அதே வண்டி, அதே ரோடு, தொட்டில் மாதிரி போகிறது! பக்கியில் லோடு ஏற ஏற வண்டி கெடும், மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும், ராத்திரி ஹெட்லைட் மரத்து உச்சியைப் பார்க்கும். லாரியில் லோடு ஏறினால்தான் வண்டி சரியாகும். என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள மொத்த வித்தியாசமும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

ஒரு டன் பக்கியில் ஒன்றரை டன் ஏற்றுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது, பெருமையாகச் சொல்லவில்லை. ஒருநாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் பின் டயர் வெடித்து, வண்டி தடம் மாறி அடுத்த லேனுக்குப் போய் நின்றது. பக்கத்தில் யாரும் வராததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். லாரி வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. காரில் காற்று 2.2 பார் அளவில் இருக்கும், இந்த லாரி டயரில் 6 பாருக்கு மேல். பெட்ரோல் பங்கில் இருக்கிற சாதாரணக் காற்று பம்பில் சில இடங்களில் அவ்வளவு ஏறாது. பின்னால் இரண்டு பக்கமும் ஜோடிச் சக்கரம், அதில் உள்பக்கத்து டயர் பஞ்சரானால் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெளி டயரே தனியாகச் சுமந்து சூடாகிக் கிழிந்த பிறகுதான் தெரியும். எங்கள் டிரைவர் ஜூலுக்காரர், என்னை விட 15 வயது மூத்தவர், நான் பாபா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலையில் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கட்டைக் கோலை எடுப்பார். ஆறு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டுவார். காற்று நிறைந்த டயர் 'டங்' என்று எகிறும், காற்று குறைந்தது 'தொப்' என்று விழும். அப்புறம் குனிந்து ஜோடி டயருக்கு நடுவே கல் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார், ஓடும்போது அந்தக் கல் பின்னால் வருகிறவர் கண்ணாடிக்குப் பறக்கும் என்பதற்காக. காரில் ஒன்பது வருஷம் டயரைக் குனிந்து பார்க்காதவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமை என் காரையும் தட்டிப் பார்க்கிறேன்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பக்கியிலிருந்து மாறுகிறவர்கள் உயிரை விடுகிற இடம் இதுதான். லேடிஸ்மித்திலிருந்து திரும்பும்போது சில வாரம் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வருவோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால் டவுன் ஹில் சரிவு வரும். காரில் இந்தச் சரிவில் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு இறங்கிவிடலாம். ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் அப்படிச் செய்தால் பாதி வழியிலேயே பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. அதற்குத்தான் லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு லீவர் இருக்கிறது. புகை போகிற குழாயை ஒரு தகடு அடைக்கும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், உறுமல் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். பாபா எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது: அந்த மேட்டை எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு, அதுவும் இறங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போட்டுவிடு, நடுவில் மாற்றலாம் என்று நினைக்காதே. 2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு பெரிய லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கி, கீழே சிக்னலில் மினிபஸ் டாக்சிகள் மேல் ஏறி 24 பேர் போனார்கள். டர்பனில் இருக்கிற யாருக்கும் அதை மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் அந்தச் சரிவில் பெரிய லாரிகளுக்குத் தடை வந்தது. என் வண்டி அந்த அளவு பெரியதில்லை என்றாலும் நான் அந்த வழியில் லோடோடு இறங்குவதே இல்லை.

பெரிய லாரிகளில் ஏர் பிரேக். அதில் எனக்குப் பிடித்த விஷயம், காற்று குறைந்தால் ஸ்பிரிங் தானாக விரிந்து பிரேக்கைப் பூட்டிவிடும், ஓடவிடாது. என் அளவு லாரிகளில் பெரும்பாலும் காரைப் போல ஆயில் பிரேக்தான், அதனால் அந்தக் காவல் இல்லை, ஆயில் அளவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி காகித வேலை. பக்கியை ஓட்டச் சாதாரண லைசென்ஸ், நாம் கோட் 8 என்கிறோமே, அதுவே போதும். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டிவிட்டால் உலகமே மாறிவிடும். 3,500 முதல் 16,000 கிலோ வரை சி1 லைசென்ஸ் வேண்டும், பழைய பெயரில் கோட் 10. அதற்கு மேலே சி, இழுவை லாரிக்கு இசி, அதாவது கோட் 14. நான் ஓட்டுநர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்து, கே53 என்கிற இந்த நாட்டு ஓட்டுநர் தேர்வு முறைப்படி லாரியில் மறுபடி தேர்வு எழுதினேன், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஒரு சாண் பின்னால் உருண்டால் அந்த இடத்திலேயே தோல்வி. அதுவும் போதாது, சரக்கு வண்டி ஓட்டுவதற்கு பிஆர்டிபி என்கிற தொழில்முறை அனுமதி தனியாக வேண்டும், டாக்டர் சர்டிபிகேட்டோடு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. வண்டியின் உரிமையாளருக்கு ஆபரேட்டர் கார்டு தனி. டிரைவர் செய்கிற தப்புக்கு உரிமையாளரையும் பிடிப்பதற்குத்தான் அந்தக் கார்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

காரை விற்கும்போது மட்டும்தான் ரோட்வொர்தி டெஸ்ட். லாரிக்கு வருஷா வருஷம் சிஓஎஃப், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ். என் முதல் சிஓஎஃப் தோற்றது. காரணம் இரண்டு: முன் சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னில் ஆட்டம், பாடியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற மஞ்சள் ஒளிப்பட்டை பாதி உரிந்திருந்தது. ஒளிப்பட்டைக்கெல்லாமா நிறுத்துவார்கள் என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. அன்று ராத்திரி மூயி ரிவர் பக்கம் விளக்கில்லாமல் ஓரமாக நின்ற ஒரு டிரெய்லரை, அந்தப் பட்டை மின்னியதால் மட்டும் தூரத்திலேயே பார்த்தேன், கோபம் போய்விட்டது. ஆனால் நாலு நாள் வண்டி நின்றது. கார் நாலு நாள் நின்றால் பஸ்ஸில் போவோம். லாரி நாலு நாள் நின்றால் ஹோட்டல்காரர் வேறு ஆளிடம் அரிசி வாங்கிவிடுவார், அதன் தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எதுவும் நிற்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று ஊரில் சொல்வார்களே, அந்த நாலு நாளில் அதை நன்றாகப் புரிந்துகொண்டேன்.

வாங்கும்போது நான் ஏமாந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். விற்றவர் 'நாலு டன் வண்டி' என்றார், நானும் நம்பினேன். பிறகு வண்டியின் இடது பக்கத்தில் எழுதியிருக்கிற எண்களைப் பார்த்தேன்: டி (T) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 3,780, வி (V) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 7,500. முதலாவது காலி வண்டியின் எடை, இரண்டாவது ஏற்றிய பிறகு இருக்கலாம் என்கிற மொத்த எடை. கழித்தால் 3,720, அதிலும் டிரைவரும் கூட வருகிற லோடு மேனும் போக மூன்றரை டன் சொச்சம்தான் சரக்கு. காரை வாங்கினால் முழுக் காரையும் கம்பெனி செய்து கொடுக்கும். லாரியில் கம்பெனி கொடுப்பது கேபினும் சேசிஸும் மட்டும்தான், பாடியை வேறு ஒருவர் கட்டுவார், அவர் தடிமனான தகட்டைப் போட்டால் அந்த எடை முழுக்க நம் சரக்கிலிருந்து போகும். என் வண்டியின் பெட்டி தேவைக்கு மேல் கனம். ஒவ்வொரு பயணத்திலும் ஏழெட்டு மூட்டையை அந்தத் தகடு தின்கிறது. ஆகவே வாய்ச்சொல்லைக் கேட்காதீர்கள், இடது பக்கத்தில் குனிந்து பார்த்துக் கழித்துப் பாருங்கள்.

இன்னொரு தப்பு, சின்னது, ஆனால் பலரும் செய்வது. பக்கியில் இருந்த ரிவர்ஸ் கேமராவைக் கழற்றி நானே லாரியில் மாட்டினேன். ஒரு நிமிஷத்தில் கருகிய நாற்றம், கேமரா போயே போய்விட்டது. காருக்கு 12 வோல்ட், இந்த லாரிக்கு இரண்டு பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட். பேட்டரி இறங்கினால் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டு எடுக்கவும் முடியாது.

டீசல் கணக்கு கேட்பார்கள். பக்கி லோடோடு 100 கிலோமீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் குடித்தது, ஒரு டன் சுமந்தது. லாரி 17 லிட்டர் குடிக்கிறது, மூன்றரை டன் சுமக்கிறது. டன்னுக்குப் பார்த்தால் பாதிதான் செலவு. ஆனால் பாதி லோடோடு போனால் இந்த லாபம் கரைந்துவிடும். டோல் கேட்டில் பக்கி முதல் வகை, இது இரண்டாம் வகை, மரியன்ஹில்லிலேயே வித்தியாசம் தெரியும். வேகத்தில் ஒரு நல்ல செய்தி: 9,000 கிலோவுக்கு மேல் மொத்த எடை உள்ள சரக்கு வண்டிகளுக்குத்தான் 80 கிலோமீட்டர் கட்டுப்பாடு, என் வண்டி அதற்குக் கீழே. நான் எப்படியும் 90-ஐத் தாண்டுவதில்லை.

வரியில் லாரிதான் ஜெயிக்கிறது. வாட் பதிவு செய்த தொழில் என்றால், வாட்டோடு பில் போட்டு வாங்கிய லாரிக்குக் கட்டிய 15 சதவீதத்தைத் திரும்பக் கேட்கலாம், ஒற்றைக் கேபின் பக்கிக்கும் கேட்கலாம். இரண்டு வரிசை சீட்டு உள்ள டபுள் கேப் பக்கி வாங்கினால் கிடைக்காது, வரித்துறையான சார்ஸ் கணக்கில் அது கார். வீட்டுக்கும் ஆச்சு, கடைக்கும் ஆச்சு என்று டபுள் கேப் வாங்குகிற நம் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சூரன்சிலும் அப்படித்தான். வீட்டு உபயோகம் என்று எழுதிய பாலிசியோடு சரக்கு ஏற்றி விபத்தானால் கிளெய்ம் நிற்காது. வண்டிக்குத் தனி, உள்ளே இருக்கிற சரக்குக்குத் தனி, கலவரச் சேதத்துக்கு அரசு இன்சூரன்ஸ் கம்பெனியான சாஸ்ரியா தனி. 2021 ஜூலையில் இந்த மாகாணத்தில் நடந்ததைப் பார்த்த யாரும் சாஸ்ரியாவை விடமாட்டார்கள். என்3-யில் எரிந்து நின்ற லாரிகளை நான் கண்ணால் பார்த்தேன், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

பராமரிப்பு எனக்கு உண்மையிலேயே பிடித்துப் போனது. கேபினை முன்னால் சாய்த்தால் மொத்த எஞ்சினும் கண் முன்னால். பக்கியில் ஒரு பெல்ட் மாற்ற மெக்கானிக் அரைநாள் முனகுவார், இதில் டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டார். ஆனால் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் நிறைய, அதை மறந்தால் கிங்பின் கதைதான்.

வீட்டு வாசலில் நிறுத்த முடியாது, சாட்ஸ்வொர்த்தின் செங்குத்துத் தெருவில் திருப்பவும் முடியாது, மாதம் வாடகை கொடுத்து ஜேக்கப்ஸில் ஒரு யார்டில் நிறுத்துகிறேன். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெட்டி உயரம் மூன்று மீட்டர், ஒரு கடை முகப்புத் தகரத்தை ஏற்கெனவே நான் வளைத்துப் பணம் கட்டியிருக்கிறேன்.

சரி, யார் வாங்கலாம்? வாரத்தில் நாலு நாளாவது இரண்டரை டன்னுக்குக் குறையாமல் சரக்கு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், எனக்கு லேடிஸ்மித் பயணம் மாதம் எட்டிலிருந்து நாலாகக் குறைந்துவிட்டது, வீட்டில் சாப்பிடுகிற ராத்திரிகள் கூடியிருக்கின்றன. அதற்குக் குறைவாக இருந்தால் பக்கியிலேயே இருங்கள், ஆனால் ஒரு டன்னோடு நிறுத்துங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் அதை ஓட்டிய டிரைவரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள், விற்பவர் சொல்லாததெல்லாம் அவருக்குத் தெரியும். பாடி கனத்துக்காக ஒன்றும், சீட்டுக்காக ஒன்றும் குறைத்து என் வண்டிக்கு 10-க்கு 8 கொடுப்பேன்.

அடுத்த மாதம் மறுபடி சிஓஎஃப். கிங்பின் புதிது, ஒளிப்பட்டை நேற்றுதான் ஒட்டினோம், பாபா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.